பாலர் வகுப்புப் பிள்ளைகளை வைத்து அரை மணி நேர கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி: நடக்கிற காரியமா?

புது டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். தூத்துக்குடிப் பக்கம் ஒரு சின்ன கிராமத்துச் சபை எங்களுடையது, சி.எஸ்.ஐ. சண்டே ஸ்கூலில் பாலர் வகுப்பு எடுத்த அக்கா கல்யாணமாகி சென்னைக்குப் போய்விட்டதால் ஜூன் மாதத்திலிருந்து அந்த வகுப்பு என் தலையில். பிள்ளைகளுக்கு மூன்றரை வயதிலிருந்து ஏழு வயதுவரை. பதிவேட்டில் 22 பேர், மழை இல்லாத ஞாயிறு என்றால் பதினைந்து பதினாறு பேர் வருவார்கள்.

போன வாரம் ஆராதனை முடிந்ததும் ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், கூப்பிட்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் நிகழ்ச்சி, பாலர் வகுப்புக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன், பாட்டு, நாடகம், டான்ஸ் எல்லாம் வரட்டும் என்று சொல்லிவிட்டார். சரிங்க ஐயா என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது. இவர்களை அரை மணி நேரம் பாயில் உட்கார வைப்பதே பெரும்பாடு.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. மரியாள் வேஷம் தன் மகளுக்குத்தான் என்று இரண்டு அம்மாமார் தனித்தனியாக வந்து சொல்லிவிட்டார்கள், அதில் ஒருவர் கமிட்டி மெம்பர் வீட்டுக்காரம்மா. இன்னொருவர் தன் பையன் படிக்கிற பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் பாட்டைத் தனியாகப் பாடுவான் என்கிறார். ஒரு பையன் இருக்கிறான், ஆறு மாதமாக வகுப்பில் வாயே திறந்ததில்லை, பேர் கேட்டால் சட்டைக் காலரைக் கடிப்பான். அவனை மேடையேற்றலாமா, விட்டுவிடலாமா?

டிசம்பர் என்றால் அரையாண்டுப் பரீட்சை வேறு. சின்ன வகுப்புக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்றாலும், அண்ணன் அக்கா படிக்கிற வீட்டில் பயிற்சிக்கு அனுப்ப மாட்டார்கள். எவ்வளவு நேரம் செய்யலாம், ட்ராக் போட்டு வாயசைக்க விடலாமா, நேரில் பாட வைக்கலாமா, மேடையில் அழுதால் என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

தேரிக்காட்டு அக்கா எழுதியது:

தங்கச்சி, முதலில் ஐயரிடம் திரும்பப் போய் அரை மணி நேரத்தைப் பன்னிரண்டு நிமிஷம் ஆக்கிக்கொண்டு வா. மற்றதெல்லாம் அப்புறம். பாலர் வகுப்புக்குப் பன்னிரண்டே தாராளம், மிச்சத்தைப் பெரிய பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னால் அவர்கள் சந்தோஷமாக எடுத்துக்கொள்வார்கள். அதோடு நிகழ்ச்சியில் முதலாவதாக உன் பிள்ளைகளை ஏற்றச் சொல். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. தலைவர் வரவேற்பு, ஜெபம், பாடகர் குழு, வாலிபர் சங்கம், பெண்கள் ஐக்கிய சங்கம் எல்லாம் முடிந்து ஒன்பதரைக்குப் பாலர் வகுப்பு என்று போட்டால், அந்நேரம் பாதிப் பிள்ளைகள் அம்மா மடியில் தூங்கும், மீதிப் பாதி இறக்கையைப் பிய்த்துப் போட்டிருக்கும். எழுப்பி மேடையில் நிறுத்தினால் அழாமல் என்ன செய்யும்? மேடையில் பிள்ளைகள் அழுவதற்குப் பயத்தைவிடத் தூக்கமும் பசியும்தான் பெரும்பாலும் காரணம், நான் பார்த்தவரை.

நாடகம் என்றால் வசனம் என்று நினைத்துவிடாதே. ஐந்து வயதுப் பிள்ளைக்கு வசனம் கொடுத்தால் அது தன் வரியைத்தான் யோசித்துக்கொண்டு நிற்கும், பக்கத்தில் என்ன நடக்கிறது என்றே தெரியாது, முறை வரும்போது விழிக்கும். அதனால் மேல் வகுப்பில் நன்றாக வாசிக்கிற ஒரு பிள்ளையைக் கேட்டு வாங்கு. அது பக்கத்தில் நின்று லூக்கா இரண்டாம் அதிகாரத்தை நிறுத்தி நிறுத்தி வாசிக்கட்டும். வாசிக்க வாசிக்க உன் பிள்ளைகள் நடந்து வரட்டும், உட்காரட்டும், குனியட்டும். யோசேப்பும் மரியாளும் நடந்து வர வேண்டும், இடம் இல்லை என்று ஒருவன் கையை விரிக்க வேண்டும், முன்னணையில், அதாவது மாட்டுத் தீவனத் தொட்டியில், பொம்மையை வைக்க வேண்டும். அவ்வளவுதான் நாடகம். யாரும் எதையும் மறக்க முடியாது, ஏனென்றால் மறக்க ஒன்றுமே இல்லை.

வேதத்தில் இருக்கிற கதையை அப்படியே எடுத்தாலே எல்லாப் பிள்ளைக்கும் இடம் கிடைக்கும். நட்சத்திரத்தைப் பார்த்துக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு எங்கேயும் எழுதவில்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று என்பதால் நாமாக மூன்று ஆள் ஆக்கிக்கொண்டோம். ஐந்து பேர் போகட்டுமே, என்ன கெட்டுவிடும்? மேய்ப்பர் எத்தனை பேர் என்றும் லூக்கா சொல்லவில்லை. தூதர்களோ பரமசேனையின் திரள், அதற்குக் கணக்கே கிடையாது. மிச்சம் இருப்பவர்கள் ஆட்டுக்குட்டி. நிகழ்ச்சி அன்றைக்கு மாமா வீட்டிலிருந்து வந்த பிள்ளை ஒன்று நானும் என்று அழுதாலும் திரளில் சேர்த்துவிடலாம்.

மரியாள் பிரச்சினைக்குச் சீட்டு. வகுப்பிலேயே, பிள்ளைகள் முன்னால், அம்மாமார் வாசலில் நிற்கும்போதே சீட்டுப் போட்டு ஒரு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல். யாராவது முகத்தைத் தூக்கினால், யூதாசின் இடத்துக்கு மத்தியாவையே சீட்டுப் போட்டுத்தான் எடுத்தார்கள், அப்போஸ்தலர் ஒன்றாம் அதிகாரம், நமக்கு என்ன என்று சொல்லிவிடு. கமிட்டி மெம்பர் வீட்டம்மாவாலும் அதற்கு மேல் பேச முடியாது.

பேசாத பையனைப் பற்றிக் கேட்டாய். அவனை நட்சத்திரம் ஆக்கு. மூங்கில் பட்டையில் ஒட்டிய நட்சத்திரத்தைக் கம்பில் கட்டிக் கையில் கொடுத்து, சாஸ்திரிகளுக்கு முன்னால் நடந்து போய்ப் பிள்ளை இருந்த ஸ்தலத்துக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று சொல். கையில் பிடிக்க ஒன்று இருந்தால் கூச்சமுள்ள பிள்ளைக்குப் பாதிப் பயம் போய்விடும், முகத்தை அதற்குப் பின்னால் மறைத்துக்கொள்ளவும் செய்யலாம். அன்றைக்கு வந்து முடியாது என்று சொன்னானா, விட்டுவிடு. வேறொருவன் தூக்கிக்கொள்வான். கையைப் பிடித்து இழுத்து ஏற்றுகிற வேலை மட்டும் வேண்டாம்.

பயிற்சியைச் சனிக்கிழமை தனியாக வைக்காதே, யாரும் வர மாட்டார்கள். ஞாயிறு வகுப்பு முடிகிற நேரத்தில் கடைசி இருபது நிமிஷம் போதும். இப்போதே பாட்டைத் தொடங்கிவிடு, கதையைச் சொல்லிச் சொல்லி நடக்க வை, டிசம்பர் முதல் வாரத்துக்குள் அவர்களுக்கே தெரிந்துவிடும். பரீட்சை நேரத்தில் புதிதாக ஒன்றும் சொல்லிக்கொடுக்காதே. கடைசியாக ஒரு தடவை கோயிலில், அதே மேடையில், அதே சாயங்கால நேரத்தில், விளக்கைப் போட்டு நிறுத்திப் பார். வகுப்பறையில் பிரமாதமாகப் பாடிய பிள்ளைகள் மேடை விளக்கைப் பார்த்ததும் ஊமையாகிப் போவதை நிறையவே பார்த்தாயிற்று.

---

சவுண்டு சர்வீஸ்காரன் எழுதியது:

அக்கா சொன்ன எல்லாவற்றுக்கும் ஆமென். மைக் பக்கத்திலிருந்து நான் கொஞ்சம் சொல்கிறேன், டிசம்பர் முழுக்கக் கோயில் கோயிலாகப் பெட்டி தூக்குகிற ஆள்.

ட்ராக், அதாவது பதிவு செய்த இசை, வேண்டாம். ட்ராக் நிற்காது, அதுதான் அதன் பிரச்சினை. சின்னப் பிள்ளைகள் ஒரு வரியை விட்டுவிட்டால் ட்ராக் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், இவர்கள் எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நடுவில் நிற்பார்கள். கீபோர்டு வாசிக்கிற ஆள் என்றால் கண்ணால் பார்த்து, அதே வரியை இன்னொரு சுற்று வாசித்து, பிள்ளைகள் வந்து சேர்ந்ததும் மேலே போவார். கீபோர்டு வேண்டாம், ஒரு டோலக்கும் உங்கள் குரலும் இருந்தால்கூடப் போதும். ட்ராக்தான் என்று அடம்பிடிப்பவர்கள் தயவுசெய்து பென்டிரைவில் கொண்டு வாருங்கள். செல்போனை வயரில் மாட்டித் தருவார்கள், "பிறந்தார் பிறந்தார்" என்று போய்க்கொண்டிருக்கும்போது மச்சான் கால் வரும், ரிங்டோன் இரண்டு ஸ்பீக்கரிலும் கோயில் முழுக்கக் கேட்கும். ஏரோப்ளேன் மோடில் போடுங்கள் என்று சொன்னால் போட்டிருக்கிறேன் என்பார்கள், போட்டிருக்க மாட்டார்கள்.

பெரியவர்கள் பாடுகிற சுருதியில் பிள்ளைகளைப் பாட வைக்கக் கூடாது. பாடகர் குழு ஆண்களுக்கு வசதியான இடத்தில் கீபோர்டைப் பிடித்துவிடுவார்கள், அது பிள்ளைகளுக்குக் கீழே போய்விடும், சத்தமே வராது, உடனே டீச்சர் "சத்தமா சத்தமா" என்பார், அவர்கள் கத்துவார்கள். இந்த வயசுக்கு மிடில் சி-க்கு அடுத்த டி-யிலிருந்து மேலே ஏ வரைதான் வசதி. அதற்குள் அடங்குகிற பாட்டாக எடுத்து, கீபோர்டில் சுருதியை மாற்றி ட்ரான்ஸ்போஸ் பண்ணிக்கொள்ளச் சொல்லுங்கள். கத்தாமலே கேட்கும்.

கையில் மைக் கொடுக்காதீர்கள். வாங்கியதும் ஊதுவான், அப்புறம் வாய்க்குள் வைப்பான், அடுத்தவனுக்குக் கொடுக்க மாட்டான். சின்ன ஸ்டாண்டில் இரண்டு மைக்கைப் பிள்ளைகளின் மார்பு உயரத்துக்குத் தாழ்த்தி, ஒரு முழம் தள்ளி, இரண்டு ஓரத்திலும் வைத்தால் போதும். எல்லாரும் ஒரே சத்தத்தில் வருவார்கள். ஒரே ஒரு நல்ல குரல் மட்டும் தூக்கலாகக் கேட்டால் அந்தப் பிள்ளையை மைக்கிலிருந்து தள்ளி நடுவில் நிறுத்துங்கள். பாடுகிறவர்களுக்குக் கேட்க மேடையில் வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கர் பெட்டியைப் பிள்ளைகள் பக்கம் திருப்பி வைக்கவும் வேண்டாம். மைக்கும் அதுவும் எதிரும் புதிருமாக இருந்தால் கீ என்று கூவும், அந்தச் சத்தத்துக்கே நாலு பிள்ளைகள் அழுதுவிடும்.

கரண்டு போகும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். நம் பக்கம் டிசம்பர் என்றால் மழைதான். 2023 டிசம்பர் 17, 18 யாருக்காவது மறக்குமா, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. 17 சரியாக ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், எத்தனை சபையில் மேடை போட்டு வைத்திருந்தோம். அதனால் வெளியே பந்தல் போடாமல் கோயிலுக்குள்ளேயே வையுங்கள், இன்னொரு தேதியையும் இப்போதே ஐயரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

---

மூணு பிள்ளைக்காரி எழுதியது:

டீச்சர்மார் பக்கமே எல்லாரும் பேசுகிறீர்கள், அம்மா பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கேளுங்கள். என் மூன்று பிள்ளைகளும் இந்த வகுப்பு வழியாகத்தான் வந்தார்கள், கடைக்குட்டி இப்போதும் அதில்தான்.

உடுப்பு. வாட்ஸ்அப்பில் "நாளை எல்லாரும் வெள்ளை ஃபிராக், வெள்ளை ஷூ, தங்கக் கிரீடம்" என்று முந்தின நாள் ராத்திரி ஒரு மெசேஜ் வரும் பாருங்கள், அதைப் போட்ட டீச்சருக்கு அன்றைக்கு வீட்டு வீட்டுக்கு அர்ச்சனைதான். ஒரு தடவை போட்டுக் கழற்றுகிற உடுப்புக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்க எல்லா வீட்டிலும் இருக்காது, இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத்தான் அன்றைக்கு "காய்ச்சல்" வரும். மேய்ப்பனுக்கு அப்பா துண்டு ஒன்று தலையில் கட்ட, தாத்தா கைலியைப் பாதியாக மடித்து மேலே போர்த்த, கையில் ஒரு கம்பு, முடிந்தது. நம்மூரில் ஆடு மேய்க்கிறவர் தினமும் கண்முன்னால் போகிறார், அவரைப் போலவே இருந்தால் போதாதா? தூதருக்கு வீட்டில் இருக்கிற வெளிர் நிற கவுன் எதுவானாலும் சரி, இறக்கை மட்டும் டீச்சர் ஒரே மாதிரி செய்து கொடுத்தால் கூட்டமாகப் பார்க்க அழகாக இருக்கும்.

அந்த இறக்கையைக் கம்பியில் செய்யாதீர்கள். என் மூத்தவளுக்குக் கம்பி இறக்கையைச் சணல் போட்டுத் தோளில் கட்டிவிட்டார்கள், ராத்திரி கழற்றிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சிவந்து தடித்துப் போயிருந்தது. சார்ட் அட்டையை வெட்டி, அகலமான துணி நாடாவைத் தைத்து, முதுகில் பை மாட்டுகிற மாதிரி மாட்டிவிட்டால் பிள்ளை அதை மறந்தே போகும். ஊக்கு வேண்டவே வேண்டாம். பஞ்சுத் தாடியைப் பசை போட்டு முகத்தில் ஒட்டுகிற வேலையும் வேண்டாம். யோசேப்புக்கு ஐந்து வயதில் தாடி எதற்கு? அவனைப் பார்த்தாலே தெரியாதா யோசேப்பு என்று?

கையில் மெழுகுவர்த்தி கொடுக்காதீர்கள். ஜிகினா, பஞ்சு, நைலான் ஃபிராக், வைக்கோல் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிற இடத்தில் ஏழு வயதுப் பிள்ளை கையில் நெருப்பா? பேட்டரி மெழுகுவர்த்தி எல்லாக் கடையிலும் கிடைக்கிறது.

அப்புறம் உயிருள்ள ஆட்டுக்குட்டி யோசனை யாருக்காவது வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். எங்கள் கோயிலில் ஒரு வருஷம் கொண்டு வந்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு, கழுத்தில் சிவப்பு ரிப்பன் வேறு. வந்ததும் நேராக முன்னணைக்குப் போய் வைக்கோலைத் தின்னத் தொடங்கிவிட்டது, பொம்மையைத் தலையால் முட்டித் தள்ளி அடியில் இருந்ததையும் தின்றது, மரியாள் பொம்மைக் காலைப் பிடித்து ஒரு பக்கம் இழுக்கிறாள், மேய்ப்பர்கள் ரிப்பனைப் பிடித்து மறுபக்கம் இழுக்கிறார்கள், தூதர்கள் வரிசையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். லூக்கா வாசித்த பிள்ளை மட்டும் நிறுத்தவே இல்லை. கடைசியில் கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை வந்து குட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். சபையார் இன்றைக்கும் அந்த வருஷத்து நிகழ்ச்சியைத்தான் பேசுகிறார்கள், அது வேறு விஷயம்.

ஏறுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் எல்லாப் பிள்ளையையும் வரிசையாகப் பாத்ரூமுக்குக் கூட்டிப் போக ஒரு அம்மாவை நியமியுங்கள். நான் வந்து செய்வேன், எந்த ஊர் என்று சொன்னால்.

---

பழைய சபையான் எழுதியது:

எல்லாரும் வெகு உற்சாகமாக இருக்கிறீர்கள், அதனால் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், கோயில் என்ன கலையரங்கமா? நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது மனன வசனம் சொல்வோம், ஒரு கீர்த்தனை பாடுவோம், இறங்குவோம். இப்போது பலிபீடத்துக்கு முன்னால் சினிமா மெட்டில் பாட்டைப் போட்டு, பிள்ளைகளை இடுப்பை ஆட்ட விட்டு, கீழே விசில் அடிக்கிறார்கள். கும்மி, கோலாட்டம் எல்லாம் நமக்கு எதற்கு? ஆராதனைக்கு என்று ஒரு மரியாதை வேண்டாமா? புது டீச்சருக்கு என் ஆலோசனை, ஐயர் சொன்னாலும் டான்ஸை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

---

கும்மிக் கட்சி எழுதியது:

ஐயா, சினிமா மெட்டும் இடுப்பாட்டமும் வேண்டாம் என்பதில் உங்கள் பக்கம்தான் நான். பாவம், அந்த அசைவுக்கு அர்த்தமே தெரியாத பிள்ளையை ஆட விட்டுப் பெரியவர்கள் ரசிப்பது பார்க்கவே சங்கடமாக இருக்கும். ஆனால் கும்மியையும் அதோடு சேர்த்துத் தள்ளுகிறீர்களே. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் நம் திருநெல்வேலியில் 1774-இல் பிறந்தவர், நீங்கள் சிறுவயதில் பாடிய கீர்த்தனைகளில் பல அவருடையவை. அவரே குறவஞ்சி வடிவத்தை எடுத்துத்தான் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். குறத்தியைக் கொண்டு வந்து கிறிஸ்துவைப் பாடினவரை யாரும் கலையரங்கம் நடத்தினார் என்று சொல்லவில்லை. ஆடுவதா வேண்டாமா என்பதை விட்டுவிட்டு, என்ன ஆட்டம், யார் ஆடுகிறார்கள் என்று பாருங்கள்.

டீச்சருக்கு ஒன்று. இந்த வயசுக்குக் கோலாட்டம் வேண்டாம், கம்பு பக்கத்துப் பிள்ளை விரலில்தான் விழும். கும்மி நல்லது. வட்டமாக நடந்து கை தட்டத் தெரிந்தால் போதும், ஒரு பிள்ளை திசை மாறிப் போனாலும் அடுத்தது இழுத்துக்கொண்டு வந்துவிடும், தப்பு என்று ஒன்று கண்ணில் படாது. நாலே நாலு வரிப் பாட்டு, இரண்டு சுற்று. பிள்ளைகள் உள்பக்கம் பார்த்து நிற்பதால் சபையைப் பார்த்து மிரள்வதும் கிடையாது. அந்த இங்கிலீஷ் பாட்டுப் பையனுக்கும் சொல்லிவிடுங்கள், தனிப்பாட்டு பாலர் வகுப்பில் கிடையாது என்று. ஒருவனுக்குக் கொடுத்தால் அடுத்த வருஷம் ஒன்பது பேர் வரிசையில் நிற்பார்கள்.

---

குமரிக் கடற்கரை எழுதியது:

நாங்கள் கத்தோலிக்கர்கள், உங்களுக்கு ஞாயிறு சாயங்காலமாவது இருக்கிறது. எங்கள் பங்கில் மறைக்கல்விப் பிள்ளைகளின் நிகழ்ச்சியை 24-ஆம் தேதி ராத்திரி நடுச்சாமப் பூசைக்கு முன்னால், பதினொரு மணிக்குத்தான் வைத்தார்கள், காலங்காலமாக. குடிலுக்குப் பக்கத்தில் இடையர்களாக உட்கார வைத்த பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கிவிடும், வானதூதரை அம்மா பின்னாலிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பார். கேட்டால், நடுராத்திரியில்தானே பாலன் பிறந்தார் என்பார்கள். அவர் பிறந்தது எத்தனை மணிக்கு என்று நற்செய்தியில் எங்கே இருக்கிறது? இடையர்கள் ராத்திரி காவல் காத்தார்கள் என்று மட்டும்தான் இருக்கிறது. வத்திக்கானிலேயே 2009-இல் போப் பதினாறாம் பெனடிக்ட் நடுராத்திரிப் பூசையைப் பத்து மணிக்கு மாற்றிவிட்டார். அதைச் சொல்லித்தான் பங்குப் பேரவையில் சண்டை போட்டு, பிள்ளைகள் நிகழ்ச்சியை மட்டும் சாயங்காலம் ஆறரைக்கு மாற்ற வைத்தோம். பூசை பூசை நேரத்திலேயே நடக்கிறது. இப்போது பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களிலிருந்து வருகிற கூட்டமும் கூடிவிட்டது, கைக்குழந்தைக்காரர்களும் பாட்டிமாரும் ஆறரைக்கு வர முடிகிறதே.

புனித பிரான்சிஸ் அசிசி 1223-இல் இத்தாலியின் கிரேச்சோவில் முதன்முதலாகக் கிறிஸ்து பிறப்புக் காட்சியை அமைத்தபோது நிஜ மாடும் கழுதையும் நிறுத்தினார் என்று சொல்வார்கள். அங்கே வைக்கோலை எது தின்றதோ, ஆட்டுக்குட்டி அக்காவிடம்தான் கேட்க வேண்டும்.

---

புது டீச்சர் எழுதியது:

அம்மாடி, இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. எல்லாருக்கும் நன்றி.

ஐயரிடம் போனேன். பன்னிரண்டு நிமிஷம் என்றதும் முதலில் "என்னம்மா, பிள்ளைகள் நிகழ்ச்சியைப் பார்க்கத்தானே சனம் வருது" என்றார். அதனால்தான் முதலில் வைக்கக் கேட்கிறேன் ஐயா, சனம் நேரத்துக்கு வந்து உட்காரும் என்றேன், ஐயரம்மா உள்ளேயிருந்து "அது நல்ல யோசனை" என்று குரல் கொடுத்தார்கள், அதோடு காரியம் முடிந்தது. பதினைந்து நிமிஷம், முதல் நிகழ்ச்சி.

சீட்டும் போட்டாயிற்று. இரண்டு அம்மாமார் மகள்களுக்கும் விழவில்லை, கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் பாட்டியோடு இருக்கிற பிள்ளைக்கு விழுந்தது. அந்தப் பிள்ளை மரியாள் என்றால் பாப்பாவை யார் தூக்குவது, நானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டது. கமிட்டி மெம்பர் வீட்டம்மா இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் வந்து தூதர் இறக்கைக்குச் சார்ட் அட்டை எத்தனை வேண்டும் என்று கேட்டார்கள். வாங்கித் தருகிறார்களாம்.

பழைய சபையான் ஐயா, மனன வசனத்தை எடுத்துக்கொண்டேன். "பயப்படாதிருங்கள்" என்பது முழுத் தூதர் கூட்டமும் சேர்ந்து சொல்ல, "இன்று கர்த்தராகிய கிறிஸ்து என்னும் இரட்சகர்" என்பதை ஒரு வரிசையும், "உங்களுக்குத் தாவீதின் ஊரிலே பிறந்திருக்கிறார்" என்பதை அடுத்த வரிசையும் சொல்கிறார்கள். பாதிப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கவே வராது, எல்லாம் இங்கிலீஷ் மீடியம். வாயால் சொல்லிச் சொல்லித்தான் ஏற்றுகிறேன், ஆனால் ஏறுகிறது. கும்மியும் உண்டு. கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா.

நட்சத்திரக் கம்பை அந்தப் பையன் வாங்கிக்கொண்டான். பேசவில்லை, ஆனால் வகுப்பு முடிந்தும் கீழே வைக்க மாட்டேன் என்று வீட்டுக்கே கொண்டு போய்விட்டான். இன்னொன்று செய்துகொண்டிருக்கிறேன்.

இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி. வாலிபர் சங்கத்துப் பையன்கள் நிகழ்ச்சியை யூடியூபில் நேரலை போடப் போகிறார்களாம். ஒரு அப்பா, வெளிநாட்டில் இருக்கிறவர், நான் பார்க்க வேண்டும் என்று கெஞ்சுகிறார். இன்னொரு அம்மா தன் பிள்ளை முகம் நெட்டில் வரக் கூடாது என்கிறார். என்ன செய்வது? அதோடு பெற்றோர் எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றால் பின்னால் இருக்கிற பாட்டிமாருக்கு ஒன்றும் தெரியாதே.

---

மூணு பிள்ளைக்காரி எழுதியது:

அந்த அம்மா சொல்வதுதான் செல்லும். ஒரு வீடு வேண்டாம் என்றாலும் பாலர் வகுப்பு மட்டும் பொதுவில் போகக் கூடாது. சிரிப்புக்கென்று வெட்டி எடுத்து ரீல் போடுகிறார்கள், அழுகிற பிள்ளை, உடுப்பு நழுவிய பிள்ளை, அதெல்லாம் பத்து வருஷம் கழித்தும் அங்கேயே கிடக்கும். வெளிநாட்டு அப்பாவுக்கு வீட்டிலிருந்து ஒருவர் வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போட்டுக் காட்டினால் போதும்.

---

சவுண்டு சர்வீஸ்காரன் எழுதியது:

நேரலையைப் பாலர் வகுப்பு இறங்கினதுக்கு அப்புறம் தொடங்கச் சொல்லுங்கள், பையன்களுக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை. வீடியோவுக்கு ஒரே ஒரு ஆளை நடுவில், பெஞ்சுகளுக்குப் பின்னால் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். எடுத்ததைப் பெற்றோருக்கு மட்டும் பென்டிரைவில் கொடுக்கலாம். நிகழ்ச்சி முடிந்ததும் ஐந்து நிமிஷம் பிள்ளைகளை அதே வேஷத்தோடு குடில் பக்கம் நிறுத்தி வைக்கிறோம், அப்போது யார் வேண்டுமானாலும் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஐயரை விட்டு முதலிலேயே அறிவிக்கச் சொன்னால் முன்னால் யாரும் எழுந்து வர மாட்டார்கள். வருகிற இரண்டு பேரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உங்கள் ஊர் சவுண்டுக்காரர் சொல்வார், கேட்டுப் பாருங்கள்.

---

தேரிக்காட்டு அக்கா எழுதியது:

பதினைந்துக்கே ஒத்துக்கொண்டாரா, நல்லது. ஐயரம்மாவைக் கையில் வைத்துக்கொள்.

இறங்கினதும் உடனே சாப்பிட ஏதாவது கொடுத்துவிடு, கடைசியில் கிறிஸ்துமஸ் தாத்தா வந்து கொடுப்பார் என்று காக்க வைக்காதே. ஒரு வாழைப்பழமும் ஒரு துண்டு கேக்கும் போதும். மிக்சர் வேண்டாம், வேஷத்தோடு தின்று உடுப்பெல்லாம் எண்ணெய் ஆக்கிவிடுவார்கள். பரிசு கொடுக்கும்போது நடித்ததற்கு முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று கமிட்டி ஏதாவது கிளப்பினால் பாலர் வகுப்புக்கு அது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வை. எல்லாருக்கும் ஒரே மாதிரி டிபன் பாக்ஸ், மூடியில் பேர் எழுதி. பேரை நீயே எழுது, கடைக்காரரிடம் விட்டால் ஜெபா எல்லாம் ஷோபா ஆகிவிடும்.